எங்கள் வட்டார வேட்பாளருக்கு: பூட்டிக் கிடக்கிற வளவுகளைப் பற்றிப் பேசுங்கள்

வணக்கம் அண்ணா,

2025 மே 6 யாழ்ப்பாண மாநகர சபைத் தேர்தலுக்காக நீங்கள் வீடு வீடாகக் கொடுத்த நோட்டீஸை வாசித்தோம். வீடு, நகர வளர்ச்சி, பாதுகாப்பு என்று மூன்றுக்கும் தனித்தனியாகப் பந்தி எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஒழுங்கைக்குள் ஒருதரம் நடந்து பார்த்தால் மூன்றும் ஒரே இடத்தில்தான் போய் முட்டும்: பூட்டிக் கிடக்கிற வீடுகளும் பற்றை மண்டிய வளவுகளும்.

வெளிநாட்டில் இருக்கிற உரிமையாளர்களைத் திட்ட இதை எழுதவில்லை. 83 இனக்கலவரத்துக்குப் பிறகும் 95 இடப்பெயர்வுக்குப் பிறகும் அந்தரப்பட்டுப் போன சனம். சிலருக்குக் காணி உறுதிப் பத்திரமே தொலைந்துவிட்டது, சிலருக்குத் தகப்பன் செத்துப் பிள்ளைகள் கனடாவிலும் சுவிஸிலும் லண்டனிலுமாகப் பிரிந்து கிடக்கிறார்கள், யார் கையெழுத்து வைப்பது என்பதே முடிவாகாமல் வருடங்கள் போய்விட்டன. ஆனால் அந்த வீடுகள் பூட்டிக் கிடக்கிறபோது மிச்சக் காணிக்கு வெளிநாட்டுக் காசில்தான் விலை போகிறது, இங்கே சம்பளத்துக்கு வேலை செய்கிற ஒரு புருசனும் மனைவியும் நகரத்துக்குள் ஒரு பரப்புக் காணிகூட வாங்க முடியாது. அவர்கள் எங்கே போகிறார்கள்? மழைத்தண்ணீர் தங்கி நின்ற பள்ளக்காணியை மண்போட்டு நிரப்பி விற்கிறார்களே, அங்கே. போன நவம்பர் மழையில் யாருடைய வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது என்று ஒருக்கால் விசாரித்துப் பாருங்கள்.

வளர்ச்சி என்று நீங்கள் சொல்கிற மாடிக் கட்டடங்களுக்கும் இதே கேள்விதான். நாங்கள் சுண்ணாம்புக்கல்லுக்கு மேலே இருக்கிறோம், குழியில் விடுவது கிணற்றுக்கு வரும். 16 பரப்புச் சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர், அந்த ஒரு பரப்புக்குள் வீடு, கிணறு, மலகூடக் குழி மூன்றையும் அடக்கினால் எங்கள் குழிக்குப் பக்கத்தில் அயலவரின் கிணறு இருக்கும். நகரம் முழுவதுக்குமான கழிவுநீர்க் குழாய் இன்றுவரை இல்லை. கட்டட வரைபடத்துக்கு அனுமதி கொடுப்பது மாநகர சபை. அதனால் எத்தனை மாடி என்பதற்கு முன்னால், கழிவு எங்கே போகும், மழைத்தண்ணீர் எந்த வாய்க்காலால் ஓடும் என்று கேட்கிற உறுப்பினர் எங்களுக்கு வேண்டும்.

இனிப் பாதுகாப்பு. வாள்வெட்டையும் போதைப்பொருளையும் ஒழிப்பேன் என்கிறீர்கள். அண்ணா, பொலிஸ் மாநகர சபைக்குக் கீழே இல்லை, மாகாண சபைக்குக்கூட அந்த அதிகாரம் நடைமுறையில் வரவில்லை. உங்கள் கையில் இருப்பது தெருவிளக்கும் வாய்க்காலும் அந்தப் பற்றை வளவுகளும். பின்னேரம் டியூசன் முடிந்து வருகிற பிள்ளைகள் பயப்படுவது அந்த வளவுகளுக்குத்தான், ஏனென்றால் இருட்டில் கூடுகிறவர்கள் அங்கேதான் கூடுகிறார்கள். 2023 மார்ச்சில் சபையின் காலம் முடிந்த பிறகு இரண்டு வருடமாக இதைச் சொல்ல எங்களுக்கு ஒரு உறுப்பினர்கூட இருக்கவில்லை.

உங்கள் நோட்டீஸில் ஒரு வரி எங்களை நோகப்பண்ணியது. வெளியிடங்களிலிருந்து வந்து வாடகைக்கு இருப்பவர்களைப் பதிவு செய்வோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். 1990 ஒக்டோபரில் இதே நகரத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு வெளியேற இரண்டு மணித்தியாலம் கொடுத்த ஊர் இது, திரும்பி வந்தவர்களில் பலருக்குச் சோனகதெருவில் இன்னும் ஒழுங்கான வீடு இல்லை. யார் எங்கிருந்து வந்தவர் என்று பட்டியல் போடுவதை இந்த ஊர் இன்னொருதரம் தாங்காது. பதிவதென்றால் ஆளில்லாத வளவுகளைப் பதியுங்கள். வீடு வளவுகளுக்கு வரி அறவிடுகிற சோலைவரிப் புத்தகம் சபையிடமே இருக்கிறதே! எந்த வளவு எவருடையது, எத்தனை வருடமாக ஆளில்லை என்பதை வட்டாரம் வட்டாரமாக எடுத்து, உரிமையாளருக்குக் கடிதம் போடலாம். துப்புரவாக்காத காணிக்கு, நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கிற 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்கலாம், மாரி முடிய டெங்கு எப்படி ஏறும் என்று உங்களுக்குத் தெரியும்.

வீட்டை வாடகைக்கு விடச் சொன்னால் அவர்கள் பயப்படுவார்கள், பத்து வருடம் இருந்தவன் வீடு தனக்கே சொந்தம் என்று ஆட்சியுரிமை கேட்பான் என்று. சரி, அந்தப் பயம் நியாயமானது. ஆனால் வாடகைக்குத்தான் இருக்கிறேன் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டவர் அப்படி இலகுவாகக் கேட்க முடியாது. சபை நடுவில் நின்று ஒரு மாதிரி ஒப்பந்தம் தயாரித்து, வாடகை ஒழுங்காகப் போவதைப் பார்த்துக்கொண்டால், இளம் குடும்பங்களுக்குப் புதிதாக ஒரு கல்லும் வைக்காமல் வீடு கிடைக்கும். ஆள் இருக்கிற வீட்டில் விளக்கு எரியும், முற்றம் கூட்டிக் கிடக்கும், ஒழுங்கைக்கு அதைவிட நல்ல காவல் எங்களுக்குத் தெரியவில்லை.

45 பேர் சபையில் நீங்கள் ஒருவர்தான், எல்லாம் உங்களால் முடியும் என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலையத்தில் கூட்டம் வைக்கிறீர்களாம். எங்கள் ஒழுங்கையில் ஆளில்லாத வளவுகளை எழுதிக்கொண்டு வருகிறோம், அதில் முதல் மூன்று மாதத்துக்குள் எதில் கை வைப்பீர்கள் என்று அங்கே எல்லாருக்கும் முன்னால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வட்டார வாக்காளர்கள்