திதி பார்த்துக் கடலுக்குப் போவோம்

அன்புள்ள வசந்தாவுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. டிசம்பர் விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மும்பைக்கு வருகிறாய் என்பதில் எனக்குள்ள மகிழ்ச்சியை நேரில் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் தினமும் மாலை ஐந்து மணிக்குக் கடற்கரையில் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு மட்டும் இப்போதே பதில் எழுதிவிடுகிறேன்.

திருவல்லிக்கேணியில் வளர்ந்த நமக்குக் கடல் என்றால் அலைதான். எந்த நேரம் போனாலும் மெரினாவில் தண்ணீர் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கும். அங்கே கடல்நீரின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டரைச் சுற்றியே இருக்கும். இங்கோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது நான்கு மீட்டரைத் தொடும். மும்பைக்கு வெளியே கடலடி வெகுதூரம் ஆழமின்றிப் பரந்து கிடப்பதால் ஏறி வரும் நீர் மேலும் உயர்கிறது. அதே நீர் குஜராத்தின் காம்பே வளைகுடாவின் புனல்வாய்க்குள் நெருக்கிக்கொண்டு நுழையும்போது, பாவ்நகரில் பத்து மீட்டர் அளவுக்குப் போய்விடுகிறது. ஆகவே இங்கே கடற்கரைக்குப் புறப்படும் முன் கடிகாரத்தைப் பார்ப்பதைவிடத் திதியைப் பார்ப்பது முக்கியம்.

இதைச் சொல்லிக்கொடுத்தவர் என் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் கோளி என்ற மீனவ இனத்து அம்மாள். ஏற்றத்தை அவர்கள் பர்தி என்றும், வற்றத்தை ஓஹோட்டி என்றும் சொல்கிறார்கள். அன்றைய திதியின் எண்ணை முக்காலால் பெருக்கினால் பர்தியின் மணி வந்துவிடும், அவ்வளவுதான் கணக்கு. அஷ்டமி என்றால் எட்டு முக்கால் ஆறு, ஆகவே காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் நீர் நிறைந்து நிற்கும். பஞ்சமி என்றால் மூன்றே முக்கால். அதிலிருந்து ஆறேகால் மணி நேரம் முன்னோ பின்னோ தள்ளினால் ஓஹோட்டி. நிலா நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தி வருவதால் கடலும் அவ்வாறே பிந்துகிறது என்பதுதான் இதன் அடிப்படை. அரை மணி, முக்கால் மணி முன்பின் இருக்கலாம். துல்லியம் வேண்டுமானால் இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணை, அதாவது கடல் ஏற்ற வற்றங்களின் அட்டவணை இருக்கிறது. இந்தப் பெருக்கலைச் சென்னையில் போட்டுப் பார்க்காதே. ஒவ்வொரு கரைக்கும் கணக்கு வேறு.

அட்டவணையில் 4.5 மீட்டர் என்று பார்த்துவிட்டு, அவ்வளவு உயர அலை வருமோ என்று பயந்துவிடவும் வேண்டாம். மழைக்காலத்தில் தொலைக்காட்சிக்காரர்களே அப்படித்தான் குழப்புகிறார்கள். மிகத் தாழ்ந்த வற்றத்தை ஒட்டிய ஓர் அடிக்கோட்டிலிருந்து எடுக்கும் அளவு அது. சராசரிக் கடல்மட்டமே அந்தக் கோட்டுக்கு மேல் சுமார் இரண்டரை மீட்டரில்தான் இருக்கிறது. அலை அதற்கு மேல் தனியாக வரும்.

நீரின் நேரம் பார்க்காமல் போகக்கூடாது என்று எனக்கு உறைத்தது பாந்திரா பேண்ட்ஸ்டாண்ட் கடற்கரையில். நீர் வற்றியிருந்த பாறைகளின் மேல் வெகுதூரம் நடந்துபோய், ஒரு குழியில் கடற்சாமந்தி என்ற பூப்போன்ற கடலுயிர் விரிந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். நீர் திரும்பிய முதல் ஒரு மணி நேரம் எதுவும் நடக்காததுபோல் இருந்தது. உயரப்போகும் அளவைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, அடுத்த இரண்டு மணிகளில் மும்மூன்று என்று ஏறும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். நான் நிமிர்ந்து பார்த்தபோது முன்னால் பாறை காய்ந்தே கிடந்தது. பின்னால் வந்த வழியில் இருந்த பள்ளம் முழங்காலுக்கு மேல் நிறைந்திருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையேறியதை நீ பார்த்திருந்தால் இன்றுவரை சிரித்துக்கொண்டிருப்பாய். அன்றிலிருந்து, நீர் திரும்பும் நேரத்துக்கு முன்பே பாறையை விட்டு இறங்கிவிடுவது என்று வைத்திருக்கிறேன்.

நீ வந்து இறங்கும் நாள் பௌர்ணமி. அன்று நண்பகலை ஒட்டி நீர் உச்சத்தில் இருக்கும். கடலுக்குள் இருக்கும் ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் பாதை மூழ்கிக் கிடக்கும் வேளை அது. எனவே தர்காவை மாலைக்கு வைத்துக்கொள்வோம். நல்ல வற்றம் பௌர்ணமியன்று அல்ல, ஓரிரு நாள் கழித்தே வரும். துவிதியையன்று காலை ஏழேகால் வாக்கில் ஜூஹு கடற்கரையில் மணல் வெகுதூரம் விரிந்து கிடக்கும். பிள்ளைகள் ஓடியாட அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. சூரியன் அப்போதுதான் எழுந்திருக்கும் என்பதால் அவர்களை எழுப்புவது உன் பொறுப்பு. ஆக்சா கடற்கரையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அங்கே பலர் மூழ்கி இறந்திருக்கிறார்கள். நீர் இறங்கும்போது கடலுக்குள் இழுக்கும் இழுவை சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. அதை விட்டுவிடுவோம்.

வரும்போது அடுத்த ஆண்டுக்கான தேதி கிழிக்கும் காலண்டர் ஒன்று வாங்கி வா. திதி பெரிய எழுத்தில் இருப்பதாகப் பார்த்து வாங்கு.

அன்புடன்,
லலிதா
மாதுங்கா