சேலத்து வாட்டர் வாஷ் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

தம்பிகளே, வணக்கம்.

விமானப்படையில் ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்று, ஓமலூர்ப் பக்கம் குடியிருக்கிறேன். லாரி கழுவுவதில் உங்களை அடிக்க ஆளில்லை. ஆனால் ஹெலிகாப்டர் வேறு சங்கதி.

போன தேர்தல் சமயம், ஒரு மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்கியது. தரைக்குத் தண்ணீர் விட்டிருந்தும் புழுதி பனைமர உயரம் எழும்பியது. நம்மூர் வெள்ளைக்கல் சுரங்கத்துப் புழுதி மாவு மாதிரி, ஒட்டினால் போகாது. சாயங்காலம் பிரஷர் பம்போடு ஒரு மினி லாரி வந்தது. பாதுகாப்புக்கு நின்ற காவலர் பழக்கம் என்பதால் கிட்டே போய்ப் பார்த்தேன். உங்களில் ஒரு தம்பி விசிறியின் கழுத்தைக் குறிவைத்துப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். டெக்னீசியன் சாப்பிடப் போயிருந்தாராம்.

"இங்கதாண்ணே அழுக்கு ஜாஸ்தி" என்றார். அவர் அழுக்கு என்று நினைத்தது கிரீஸ்.

அந்தக் கழுத்தில்தான் விசிறியின் ஒவ்வொரு இறக்கையும் சாய்வு மாற இடம் கொடுக்கும் பேரிங்குகள் இருக்கின்றன. மழை நனைத்தால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. பிரஷர் கன்னில் அடித்தால் தண்ணீர் பேரிங்கை மூடியிருக்கும் சீல் வளையத்தைத் தாண்டி உள்ளே போய்த் தங்கிவிடும், கிரீஸ் வெளியேறும், உள்ளுக்குள்ளேயே துரு பிடிக்கும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். லாரிக்கு வாஷ் முடிந்ததும் கிரீஸ் அடிக்கிறீர்கள் அல்லவா? இதற்கும் அடிக்க வேண்டும். எங்கே, எந்த கிரீஸ் என்பது டெக்னீசியனுக்குத்தான் தெரியும். வால் விசிறிக்கும் இதே கதைதான். ஒயர் கனெக்டர், ரேடியோப் பெட்டி இருக்கும் பக்கம் ஈரத்துணியோடு சரி.

அப்புறம் ஓட்டைகள். இன்ஜின் காற்று இழுக்கும் வாய், புகை போகும் வாய் இரண்டுக்கும் மூடி போட வேண்டும். வேகத்தை அளக்க மூக்குப் பக்கம் நீட்டியிருக்கும் பிட்டோ குழாய்க்கு உறை. உடம்பில் குண்டூசித் தலை அளவுக்கு, வெளிக்காற்றின் அழுத்தத்தை அறியும் ஸ்டாட்டிக் துளைகள் இருக்கும். உயரத்தையும் வேகத்தையும் காட்டும் கருவிகள் அவற்றை நம்பித்தான் இருக்கின்றன. தண்ணீர் புகுந்தால் கருவி பொய் சொல்லும். அதனால் டேப் ஒட்டுவார்கள். ஒட்டியதை உரிக்க மறந்தால் அதைவிட மோசம். 1996 அக்டோபரில் பெரு நாட்டின் லிமாவில் ஒரு போயிங் 757-ஐக் கழுவிப் பாலிஷ் போட்டவர்கள் அந்த டேப்பை அப்படியே விட்டுவிட்டார்கள். இருட்டில் எவ்வளவு உயரத்தில் பறக்கிறோம் என்றே விமானிகளுக்குத் தெரியவில்லை. விமானம் கடலில் விழுந்து 70 பேரும் இறந்தார்கள். நான் எத்தனை ஒட்டினேன் என்பதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வேன். அத்தனையும் சட்டைப்பைக்குத் திரும்பும்வரை டீ கிடையாது.

கழுவுவது எளிது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரியைக் கழற்றியிருக்க வேண்டும். ஒரு வாளி, ஸ்பாஞ்ச், தயாரிப்பாளர் சொன்ன சோப்பு. லாரிக்குப் போடும் காரமான கெமிக்கலும் ஆசிடும் அலுமினியத்தை அரித்துவிடும். ஜன்னல் பெரும்பாலும் கண்ணாடி அல்ல, அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். காய்ந்த துணியால் தேய்த்தால் புழுதியே கீறிவிடும். முதலில் தண்ணீரை ஓடவிட்டு வெறுங்கையால் தடவுங்கள். நம்ம போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாய்ப் படியும், கடைசி அலசலுக்கு மேட்டூர்த் தண்ணீர் கிடைத்தால் நல்லது. வயிற்றுப் பக்கமும் வாலின் அடியிலும் இருக்கும் வடிகால் துளைகளில் தண்ணீர் சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். சொட்டவில்லை என்றால் உள்ளே தேங்கியிருக்கலாம். ஏற்காட்டில் மூடுபனி இறங்கிய நேரத்தில் கழுவவே கழுவாதீர்கள், காயாது.

யாராவது கூப்பிட்டால் முதல் கேள்வி: "டெக்னீசியன் பக்கத்தில் இருக்கிறாரா?" இல்லை என்றால் ஹோஸைச் சுருட்டிவிடுங்கள். காசு கூடத் தருகிறேன் என்பார்கள், பரவாயில்லை.

அன்றைக்கு அந்தத் தம்பி கோபித்துக்கொள்ளாமல் மோட்டாரை நிறுத்தினார். டெக்னீசியன் வந்ததும் நடந்ததை அவரே சொன்னார்.

அன்புடன்,
ஒரு பழைய ஹெலிகாப்டர் மெக்கானிக்,
ஓமலூர்.