போடிமெட்டு ஜீப்புகள்

அன்புள்ள மாப்ளே,

நாங்கள் சுகம். தங்கச்சிக்கு மூட்டுவலி தேவலையா?

முந்தாநாள் போடியிலிருந்து போடிமெட்டு மலைப்பாதையில் இங்கே ஏலக்காட்டுக்கு வந்த பொம்பளையாட்கள் சொன்னார்கள்: வழியில் புலியூத்துக்கு மேலே, அவர்கள் ஜீப்புக்கு முன்னால் பாறை உருண்டு விழுந்ததாம். யாருக்கும் அடியில்லை. ஆனால் ஒவ்வொரு ஜீப்பிலும் எப்படி நெருக்கி உட்கார்ந்து வருகிறார்கள் என்று உனக்கே தெரியும். உன் அக்கா மகன்தானே ஓட்டுகிறான்!

மலை ஏன் சரிகிறது என்று கேட்பாய். போடிமெட்டிலிருந்து மூணாறு போகிற வழியில் உள்ள கேப் ரோட்டை அகலப்படுத்த மலையின் அடியைச் செங்குத்தாக வெட்டினார்கள். 2019-லும் 2020-லும் திரும்பத் திரும்பச் சரிந்தது. மலைக்கு முட்டுக்கொடுப்பதே அடிப்பகுதிதான். அதை எடுத்துவிட்ட பிறகு, இறங்குகிற மழைத்தண்ணீர் உள்ளே அழுத்தத்தைக் கூட்டி மண்ணின் பிடியைத் தளர்த்தினால் போதும், மொத்தமும் வந்துவிடும். மூணாறு அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகத்துக்காரர்கள் மண்ணுக்குள் துளைபோட்டுக் கருவிகளை இறக்கி, இந்த நீரழுத்தத்தையும் சரிவின் அசைவையும்தான் அளக்கிறார்கள். அருமையான வேலை. ஆனால் மலைப்பாதையின் வளைவுக்கு வளைவு அப்படிப் பதிக்க யாரால் முடியும்?

மழையை அளக்கலாம். முற்றத்தில் மழைமானி வைத்துவிட்டேன். போடியில் வானம் வெளுத்திருக்கும்போது இங்கே பூப்பாறையில் கொட்டித் தீர்க்கும். இருட்டோடு கிளம்புகிற டிரைவருக்கு அது எப்படித் தெரியும்? ராத்திரி பெய்த அளவை ஜீப் கிளம்புமுன் நான் உன் அக்கா மகனுக்குப் போனில் சொல்கிறேன். ஒரு நாள் மழையைவிட, விடாமல் நாலைந்து நாள் ஊறிய மலைமேல் விழும் மழைக்குத்தான் பயப்பட வேண்டும். ரோட்டோரம் புது வெடிப்பு, திடீரென்று கிளம்பும் ஊற்று, கலங்கி ஓடும் ஓடை, சாய்ந்து நிற்கும் மரம், எதைப் பார்த்தாலும் அவன் மற்ற டிரைவர்களுக்குச் சொல்லட்டும்.

மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்ததை என்னால் மறக்க முடியவில்லை, மாப்ளே. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, தோட்டத் தொழிலாளர் லயங்களில் தூங்கிய நம் சனம் 70 பேர் போய்விட்டார்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை. விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. போகிற வழியில் பெரியவரையில் தற்காலிகப் பாலமும் அடித்துப் போயிருந்ததால் மீட்பு வண்டிகள் போய்ச்சேரவே நேரமாகிவிட்டது. கைக்குழந்தையிலிருந்து கிழவி வரை மண்ணுக்குள்ளே. நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

அதனால் ஒன்றை அவனிடம் கண்டிப்பாகச் சொல். என் போன் வராத காலையில் மழை இல்லை என்று நினைக்கக் கூடாது. டவர் விழுந்திருக்கும், கரண்ட் போயிருக்கும். போன் வரும்வரை ஜீப்பை எடுக்கவே கூடாது. பொம்பளையாட்களுக்குக் கூலி போகுமே என்பான், நியாயம்தான். இங்கே தோட்ட முதலாளிகளிடம் பேச ஆரம்பித்துவிட்டேன். இரண்டு பேர், மழை நாளில் தாமதமாக வந்தாலும் முழுக்கூலி தருவதாக ஒத்துக்கொண்டார்கள். மற்றவர்களையும் விடமாட்டேன்.

ஐப்பசி மழை தொடங்குமுன் அவன் நம்பரை அனுப்பு. கூட ஓட்டுகிறவர்களின் நம்பரையும் வாங்கி அனுப்பு.

அன்புடன்,
உன் ராசு