ஹம் நிலையத்தில் எந்தப் பாதியில் ஏறுவது? தேருக்கு ஆட்களைக் கூட்டிவரும் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

ஜெர்மனியின் ஹம் நகரில் நடக்கும் காமாட்சி அம்பாள் தேருக்கு ரயிலில் அடியார்களைக் கூட்டிவரும் சங்கத்தாருக்கு வணக்கம்.

உங்கள் பயண அறிவித்தலில் "ஹம்மில் இறங்கவும்" என்ற ஒரு வரி போதாது. வருவதில் பெரிய சிக்கல் இல்லை. திரும்பிப் போகும்போதுதான் ஆட்கள் வழிமாறிப் போகிறார்கள். ஏனென்றால் ஹம்மில் பல ரயில்கள் இரண்டு பாதிகளாகப் பிரிந்து வேறு வேறு ஊர்களுக்குப் போகின்றன.

1847இல் கொல்ன்–மின்டன் பாதை இங்கு வந்தது. 1848இல் மூன்ஸ்டருக்கும் 1850இல் பாடர்போர்னுக்கும் தண்டவாளம் போடப்பட்டது. அன்று தொடங்கிய ரயில் சந்திப்பு இன்றும் அப்படியே. பெர்லினிலிருந்து மேற்கே வரும் பல ஐசிஇக்கள் (தொலைதூர விரைவு ரயில்கள்) இரண்டு தொடர்களாகக் கோர்த்தபடி ஹம்முக்கு வந்து, இங்கே பிரிகின்றன. ஒன்று டோர்ட்முண்ட், எசன் வழியாக டுசல்டோர்புக்கும், மற்றது ஹாகன், வுப்பர்டால் வழியாகக் கொல்னுக்கும் போகும். இரண்டுக்கும் நடுவே உள்ளே நடந்துபோக வழி கிடையாது. ஏறிவிட்டுப் பிறகு இடம் தேடிக்கொள்ளலாம் என்ற வழக்கம் இங்கே உதவாது.

ஒவ்வொரு பாதிக்கும் தனி ரயில் எண் உண்டு. பெட்டி எண்களும் வேறு: ஐசிஇ 2 வகையில் வழக்கமாக ஒரு பாதி 21 முதல் 28 வரை, மற்றது 31 முதல் 38 வரை. இரண்டும் சேர்ந்தால் நீளம் 400 மீட்டரைத் தாண்டும். ஆகவே ரயில் எண், பெட்டி எண், மேடையின் எழுத்துப் பகுதி (A, B, C என்று குறித்திருக்கும்) மூன்றையும் அறிவித்தலில் போடுங்கள். பெட்டி வரிசை தலைகீழாக வரும் நாட்களும் உண்டு. அதனால் எழுத்துப் பகுதியை அன்றைய காட்சிப் பலகையில் சரிபார்த்து, கதவருகில் உள்ள திரையில் போகுமிடத்தை வாசித்தபின்பே வயதானவர்களை ஏற்றுங்கள்.

பாதி மாறி ஏறியது ரயில் நிற்கும்போதே தெரிந்தால் இறங்கி மேடை வழியே மற்றப் பாதிக்குப் போகலாம். புறப்பட்டுவிட்டால் பதறவேண்டாம். கொல்னுக்குப் போகவேண்டியவர் டோர்ட்முண்டில் இறங்கி ஆர்ஈ 1 அல்லது ஆர்ஈ 6 என்ற பிராந்திய ரயிலைப் பிடிக்கட்டும். எசனுக்குப் போகவேண்டியவர் ஹாகனில் இறங்கினால் போதும், எசன் செல்லும் பிராந்திய ரயில் அங்கே உண்டு.

கிழக்கே பெர்லினுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஹம்மில் இணையும் இரண்டு பாதிகளும் ஒரே திசைதான். ஆனால் ஒரு பாதி பிந்தினால், அல்லது இணைப்பியில் மின்தொடர்பு கிடைக்காவிட்டால், மற்றது தனியே புறப்படலாம். பதிவுசெய்த இருக்கை வராத பாதியில் இருந்தால் நிற்கவேண்டிவரும். போய்ச் சேரும் இடத்தில் குறைந்தது 20 நிமிடத் தாமதம் எதிர்பார்க்கப்பட்டால், குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமான பயணச்சீட்டின் கட்டுப்பாடு நீங்கும். வேறு ரயிலில் போகலாம்.

டொய்ச்லாண்ட் டிக்கெட் (உள்ளூர், பிராந்தியப் போக்குவரத்துக்கான மாதச்சீட்டு) வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு பத்தி எழுதுங்கள். அது ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர ரயில்களில் பொதுவாகச் செல்லாது, ரயில் பிந்தினாலும் செல்லாது. ஹம்மிலிருந்து ஆர்ஈ 1, 3, 6, 7, 11 உண்டு, ஆர்பி 69, 89 என்ற பிராந்திய ரயில்களும் உண்டு. மூன்ஸ்டர், பீலபெல்ட், பாடர்போர்ன், வுப்பர்டால், டுசல்டோர்ப் எல்லாவற்றுக்கும் இவை போதும்.

கோயில் நிலையத்துக்கு அருகில் இல்லை. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் கிழக்கே, ஊன்ட்ரோப் தொழிற்பேட்டையில் இருக்கிறது. தேர் முடிந்ததும் பேருந்தில் நெரிசல் இருக்கும் என்பதால், திரும்பும் ரயிலைக் கணக்கிடும்போது பேருந்துக்கும் காத்திருப்புக்கும் சேர்த்து ஒரு மணி நேரமாவது விடுங்கள். பாதைப் பணிகள் வாரக்கடைசியில் நடப்பது வழக்கம். முதல்நாள் மாலை நேர அட்டவணையை மறுபடி பார்த்து, மாற்றத்தைக் குழுவுக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
ஹம் வழியாகப் பயணிக்கும் அடியார்கள்