வேளா சிக்கினால் வலையை அறுக்கட்டும், கொம்பை அல்ல

தமிழ்நாடு மீன்வளத் துறை, வனத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ரம்பம் போன்ற நீண்ட கொம்புள்ள வேளா மீன்கள் (sawfish) 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. காட்டில் புலியைத் தேடிப் போக உங்களிடம் ஆள் உண்டு, கேமரா உண்டு. கடலில் வேளாவைக் கண்ணால் பார்ப்பவர் மீனவர் ஒருவர்தான், அதுவும் அது வலையில் மாட்டிய பிறகு. அந்த நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் இந்த மீனின் கதி இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பார்த்தால் சுறா போலத் தெரியும். ஆனால் திருக்கை இனம். செவுள் பிளவுகள் வாயோடு சேர்ந்து அடிப்பக்கத்தில் இருக்கும். முகத்துக்கு முன்னால், இரு பக்கமும் பற்களோடு நீளும் அந்தக் கொம்புதான் அதன் பிழைப்பு. இரை உடம்பிலிருந்து கசியும் மெல்லிய மின்சாரத்தை உணரும் நுண்துளைகள் கொம்பு முழுக்க இருக்கின்றன, அதனால் கலங்கிய சேற்றுத் தண்ணீரிலும் மீன் எங்கே என்று அதற்குத் தெரிந்துவிடும். அப்புறம் பக்கவாட்டில் ஒரே வீச்சு. தாய் வயிற்றில் இருக்கும் குட்டியின் கொம்பை மெல்லிய சதையுறை மூடியிருக்கும், பிறக்கும்போது தாயைக் கீறாமல் இருக்க. சுறாவுக்கு வாய்ப்பல் விழுந்தால் புதிது வரும். வேளாவின் கொம்புப் பல் அடியோடு போனால் போனதுதான், வெட்டிய கொம்பும் திரும்ப வளராது. கொம்பை அறுத்துவிட்டு மீனைக் கடலில் விட்டால், அதைப் பட்டினிக்கு விட்டதாகத்தான் அர்த்தம்.

அதே கொம்புதான் அதற்கு எமனும். திருக்கை வலையோ, நரம்பு வலையோ, இழுவை மடியோ, பல் ஒன்று கண்ணியில் மாட்டினால் போதும், திமிறத் திமிற இன்னும் சுற்றிக்கொள்ளும். ஆறு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய மீன், பக்கத்தில் போகவே ஆபத்து. கொம்பை வெட்டுவது சுலபம், வலையை அறுத்தால் நஷ்டம். வெளியே சொன்னால் வழக்கு வருமோ என்ற பயம் வேறு. முதல் அட்டவணைக் குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு சிறை என்று கேள்விப்பட்ட மனிதர், தானாக மாட்டிய மீனைப் பற்றி உங்களுக்கு ஏன் போன் செய்யப் போகிறார்?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. குஜராத்தில் திமிங்கலச் சுறாவை வலை அறுத்து விடுவித்த மீனவர்களுக்கு இழப்பீடு தந்தார்கள், நூற்றுக்கணக்கான சுறாக்கள் பிழைத்தன. மகாராஷ்டிராவில் பாதுகாக்கப்பட்ட கடல் உயிர்களுக்காக வலையை அறுத்தால் 25,000 ரூபாய் வரை உண்டு. இங்கேயே பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுவுக்காக ஒதுக்கியிருக்கிறீர்கள். மீனவரை நம்பிச் செய்தால் நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வேளா வாழும் இடத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். ஆழமில்லாத சேற்றுக் கடல், முகத்துவாரம், அலையாத்தி வேர்கள். வேளாவில் ஒரு வகையான பெரும்பல் வேளாவின் குட்டிகள் ஆற்றுக்குள் ஏறி முதல் சில ஆண்டுகளை நன்னீரில் கழிக்கும். ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் ஆற்றில் இன்றும் அப்படித்தான். கொள்ளிடமும் முத்துப்பேட்டையும் பிச்சாவரமும் அப்படிப்பட்ட நிலம்தான். அங்கே இப்போது வேளா இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் மரபணுவை வைத்தே கண்டுபிடிக்கும் முறை வந்துவிட்டது.

நான் கேட்பது இவ்வளவுதான். தற்செயலாக மாட்டிய வேளாவை உயிரோடு விட்டு, தகவலும் சொல்பவர் மீது வழக்கு இல்லை என்று எழுத்தில் ஓர் ஆணை. அறுத்த வலைக்கு, அடுத்த முறை கடலுக்குப் போவதற்குள் கையில் பணம். செத்தே வந்தாலும் அளவெடுத்து, திசு மாதிரி எடுத்துக்கொண்டு, மீனவரை வீட்டுக்கு அனுப்ப ஒரு நடைமுறை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு மீனவர்கள் கரையில்தான் இருப்பார்கள். ஒவ்வொரு மீன் இறங்குதளத்திலும் உட்கார்ந்து இதைப் பேச அதுவே சரியான நேரம்.

இப்படிக்கு,
கடற்கரை ஊர்க்காரர் ஒருவர்