பழைய லாரி சாஞ்சு நின்னா பட்டையைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வண்டி பராமரிப்பு பத்தி உங்க பேப்பர்ல அப்பப்போ எழுதுறீங்க, டயர் காத்து, பிரேக், ஆயில்னு எல்லாம் வருது, ஆனா அடியில மொத்த பாரத்தையும் தாங்கிட்டு கிடக்குற பட்டையை, அதாவது லீஃப் ஸ்பிரிங்குன்னு சொல்ற வளைஞ்ச இரும்புத் தகடுகளைப் பத்தி மட்டும் ஒரு வரி கூட வரமாட்டேங்குது. பட்டை வேலை பாக்குறவன்ங்கற முறையில இதை எழுதுறேன், கொஞ்சம் நீளமா போனாலும் வெட்டாம போடுங்க.

பழைய லாரி வச்சிருக்கிறவங்கள்ல நிறைய பேரு, பட்டைங்கறது வண்டி குலுங்காம இருக்கத்தான்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. கொஞ்சம் சாஞ்சிருக்கா, பழைய வண்டிதானே, குலுங்குதா, ரோடு அப்படின்னு விட்டுடறாங்க. அது மட்டும் இல்லீங்க. பல லாரியில சக்கரம் மாட்டியிருக்கிற ஆக்ஸிலை முன்ன பின்ன நகரவிடாம சேஸோட, அதாவது வண்டியோட அடிச்சட்டத்தோட சேர்த்துப் புடிச்சிருக்கிறதே இந்தப் பட்டைதான். மெயின் பட்டையோட முனையை வளையமா சுருட்டியிருப்பாங்க, அதுதான் கண்ணு; அதுல புஷ்ங்கற குழாயைப் போட்டு பின் அடிச்சு ஒரு முனை பிராக்கெட்ல நிக்குது, இன்னொரு முனை ஷேக்கிள்ங்கற ஆடுற இணைப்புல ஆடுது, நடுவுல பட்டைகளை ஊடுருவிப் போற சென்டர் போல்ட்டும், U மாதிரி வளைஞ்ச யூ போல்ட்டும் ஆக்ஸிலை இறுக்கிப் புடிச்சிருக்கு. இதுல எது போனாலும் சக்கரம் இருக்க வேண்டிய இடத்துல இருக்காது, அதுவும் முன்பக்கம்னா ஸ்டீயரிங்கே நம்ம பேச்சை கேக்காது.

எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா, முதல்ல வண்டியை லோடு இல்லாம சமமான தரையில நிறுத்துங்க, ரெண்டு பக்கமும் டயர் காத்து ஒரே அளவு இருக்கான்னு பாத்துக்கங்க, இல்லாட்டி காத்து கம்மியான பக்கத்தை பட்டை இறங்கிடுச்சுன்னு தப்பா நெனச்சுடுவீங்க. அப்புறம் பின்னாடி தள்ளி நின்னு பாத்தாலே சாய்வு தெரியும், டேப் வச்சு சக்கரத்தோட மையமான ஹப் நடுவுல இருந்து சேஸ் வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்துட்டா சந்தேகமே வேணாம். ஆனா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்கியிருந்தா சாய்வே தெரியாது, அப்போ பட்டையோட வளைவைத்தான் பாக்கணும். அடுக்குப் பட்டை வச்ச பழைய வண்டியில காலி வண்டியா நிக்கும்போது நல்லா வில் மாதிரி வளைஞ்சு இருக்கணும், காலியாவே நேராயிட்டாலோ எதிர்ப்பக்கமா வளைஞ்சுட்டாலோ அதுல தெம்பு இல்லைன்னு அர்த்தம். ஆக்ஸில் சேஸுல இடிக்காம தடுக்குற பம்ப் ஸ்டாப் ரப்பர் நசுங்கிப் பிஞ்சிருக்கான்னும், மட்கார்டுல டயர் உரசுன தடம் இருக்கான்னும் பாருங்க.

இறங்குன பட்டையை விட விரிசல் விட்ட பட்டைதான் எனக்கு பெரிய பயம். விரிசல் அதிகமா வர்ற இடம் மூணு: கண்ணு திரும்புற வளைவு, யூ போல்ட் முடியற ஓரம், சென்டர் போல்ட் ஓட்டை. மண்ணும் கிரீஸும் மூடியிருந்தா ஒண்ணும் தெரியாது, கம்பி பிரஷ் போட்டு நல்லா தேய்ச்சுட்டு டார்ச் அடிச்சு பாத்தா மயிரிழை மாதிரி ஒரு கோடு, அதுல இருந்து செம்மண் நிறத்துல துரு கசிஞ்சிருக்கும். உடைஞ்ச பட்டையை கழட்டி அந்த முகத்தைப் பாத்தீங்கன்னா பெரும்பாலும் ஒரு பாதி கறுத்து துருப்புடிச்சு இருக்கும், மறுபாதி சொரசொரப்பா பளபளன்னு இருக்கும். கறுத்த பாதி ரொம்ப நாளா கொஞ்சம் கொஞ்சமா விட்டது, பளபளப்பு கடைசியா பட்டுனு போனது, அதாவது அவ்வளவு நாளும் பாதிப் பட்டையிலதான் லோடு ஏத்தி ஓட்டியிருக்காங்க. இதை கையில வச்சு காட்டும்போதுதான் சில ஓனர்களுக்கு முகம் மாறுது.

சென்டர் போல்ட் வெட்டிக்கிட்டா பட்டை முழுசா இருந்தும் ஆக்ஸில் நகர்ந்துடும். முன் ஹப்புக்கும் பின் ஹப்புக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் அளந்து பாருங்க, அளக்கும்போது முன் சக்கரம் திரும்பாம நேரா இருக்கணும். வித்தியாசம் இருந்தா, நேர் ரோட்டுல போற வண்டியை பின்னாடி இருந்து பாத்தா கோணலா போறது தெரியும், டயரும் சீக்கிரம் தேயும். யூ போல்ட் லூஸுன்னா அது உக்கார்ற இடத்துல உரசி பளபளன்னு ஆகியிருக்கும், நட்டு கீழ துரு ஒழுகியிருக்கும். கிளட்ச் விடும்போதும் பிரேக் புடிக்கும்போதும் 'டக்'குனு ஒரு சத்தம் வந்தா ஷேக்கிள் புஷ்ஷையும் பின்னையும் பாருங்க.

பலருக்குத் தெரியாத ஒண்ணு, பட்டை போனா பிரேக்கும் கெடும். லோடுக்குத் தகுந்த மாதிரி பின் பிரேக்குக்கு பிரஷரை கூட்டிக் குறைக்கிற வால்வு சில வண்டியில இருக்கு, அதோட கம்பி ஆக்ஸில்ல மாட்டியிருக்கும், ஆக்ஸிலுக்கும் சேஸுக்கும் உள்ள இடைவெளியை வச்சுத்தான் அது லோடு எவ்வளவுன்னு கணக்கு பண்ணும். பட்டை இறங்கிட்டா காலி வண்டியையே லோடு வண்டின்னு எடுத்துக்கிட்டு பின்பக்கம் பிரஷரை அதிகமா விடும், ஈர ரோட்டுல பின் சக்கரம் லாக் ஆகி வண்டி திரும்பிடும். எக்ஸ்ட்ரா பட்டை போட்டு தூக்கிட்டு வால்வை செட் பண்ணாம விட்டா அப்படியே தலைகீழ், லோடு இருக்கும்போது பின் பிரேக் பத்தாது. பின்பக்கம் இறங்குன வண்டியோட ஹெட்லைட்டும் மேல தூக்கி எதிர்ல வர்றவர் கண்ணுல அடிக்கும்.

அதனால ஓனர்களை கையெடுத்து கும்பிட்டு கேட்டுக்கிறேன், பட்டை களைச்சுப் போச்சுன்னா மேல ஒண்ணு சொருகி சமாளிக்காதீங்க, பழசு பழசாவேதான் இருக்கும், அடுத்து அதுதான் உடையும். உடைஞ்ச பட்டையை வெல்டிங் வைக்கவே வைக்காதீங்க, ஸ்பிரிங் ஸ்டீலுக்கு குடுத்த பதம் அந்த சூட்டுல போயிடும், ஒட்டு வச்ச இடத்துக்கு பக்கத்துலயே மறுபடி விடும். மாத்துனா ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துங்க, யூ போல்ட்டும் புதுசா போடுங்க, கொஞ்ச தூரம் ஓடினதும் பட்டை படிஞ்சு யூ போல்ட் தளரும், அப்போ மறுபடி கொண்டுவந்து கம்பெனி சொன்ன டார்க்குக்கு, அதாவது இறுக்கற விசை அளவுக்கு இறுக்கணும். நாங்க எத்தனை தடவை சொன்னாலும் இதுக்குன்னு திரும்பி வர்ற வண்டி ரொம்ப கம்மி.

டிரைவர் தம்பிகளே, நீங்களும் அடியில குனிஞ்சு பாக்கும்போது இன்ஜினை ஆஃப் பண்ணி, சக்கரத்துக்கு கட்டை போட்டுட்டு பாருங்க. வண்டியைத் தூக்கணும்னா சேஸுக்கு ஸ்டாண்டு குடுக்காம, வெறும் ஜாக்கியை நம்பி உள்ள போகாதீங்க.

இப்படிக்கு,
பட்டை வேலை பார்க்கும் ஒரு வாசகர்