டிரோன்காரரிடம் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் நிலம், வீடு விற்பனை விளம்பரங்களில் டிரோன் படங்கள் பெருகி வருகின்றன. எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்திலும் இரண்டு ஏக்கர் செம்பனை நிலமானாலும் தாமான் (வீடமைப்புப் பகுதி) கார்னர் வீடானாலும் மேலிருந்து எடுத்த படம் ஒன்று வேண்டும் என்கிறார்கள் முகவர்கள். ஆனால், படமெடுக்க ஆள் பிடிக்கும்போது கூலி எவ்வளவு, டிரோன் என்ன மாடல் என்று கேட்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள்.

“என்னுடையது 250 கிராமுக்கும் குறைவு, அனுமதியே தேவையில்லை” என்பவருக்குக் கும்பிடு போட்டு அனுப்பிவிடலாம். கூலி வாங்கிக்கொண்டு படமெடுத்தால் அது வான்பணி. டிரோன் எவ்வளவு சிறியதானாலும் மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிமுறைப்படி, அனுமதியின்றி 400 அடிக்கு மேல் பறக்கக்கூடாது. நம் பொறுப்பில் இல்லாத ஆள், வாகனம், கட்டடம் எதையும் 50 மீட்டருக்குள் நெருங்கவும் கூடாது. 22 அடி அகல வரிசை வீட்டுக்கு 50 மீட்டர் என்றால் இரு பக்கமும் ஏழு வீடுகள் அதற்குள் வந்துவிடும். ஆகவே தாமான் வேலைக்கு அனுமதிக் கடிதத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். அதில் உள்ள தேதியும் இடமும் உங்கள் வேலைக்குப் பொருந்த வேண்டும். நில அளவை, வரைபடத் துறையான ஜூப்பெமின் வான்பட அனுமதி, டிரோனில் தரச்சான்று நிறுவனமான சிரிமின் முத்திரை, மூன்றாம் தரப்புக் காப்புறுதி ஆகியவற்றையும் கேளுங்கள். இவற்றுக்கெல்லாம் நாள் பிடிக்கும். “நாளைக்கே வந்து எடுத்துத் தருகிறேன்” என்பவரிடம் இவை இருக்க வாய்ப்புக் குறைவு.

அடுத்தது உயரம். எவ்வளவு மேலே போகிறதோ அவ்வளவு நல்ல படம் என்று நினைப்பவர்கள் ஏராளம். வழக்கமான டிரோன் லென்ஸ் 120 மீட்டரிலிருந்து நேர்கீழாகப் பார்த்தால் சுமார் 170 மீட்டர் அகலம் படத்தில் விழும். அதில் அந்த 22 அடி வீடு இருபத்தைந்தில் ஒரு பங்குதான். வாங்குபவர் கண்ணில் படுவது பக்கத்துக் கூரைகளே. வீட்டுக்கு 8 முதல் 30 மீட்டர் போதும். தாழ்வாக நேரெதிரிலிருந்து முகப்பு ஒன்று, மூலையிலிருந்து சாய்வாக ஒன்று, சாலையும் கடைகளும் தெரியும்படி உயரத்திலிருந்து ஒன்று. நிலம் என்றால் கணக்கு வேறு. சதுரமான இரண்டு ஏக்கர் ஒரு பக்கம் 90 மீட்டர் வரும். அதை முழுதாகக் காட்ட 90, 100 மீட்டர் உயரம் வேண்டும்.

நிலத்தில்தான் வம்பும் அதிகம். படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டு “இதுதான் எல்லை” என்று விளம்பரம் செய்கிறார்கள். சாதாரண டிரோனின் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். சாய்வாக எடுத்த படத்தில் கையால் இழுத்த கோடு இன்னும் விலகும். செம்பனை சுமார் ஒன்பது மீட்டர் இடைவெளியில் நடப்படுவது, ஆகவே கோடு ஒரு வரிசை நகர்ந்தாலே பக்கத்துக்காரர் மரங்கள் உங்கள் விளம்பரத்தில் ஏறிவிடும். எல்லைக்கல்லைத் தேடி உறுதி செய்வது உரிமம் பெற்ற நில அளவையாளரின் வேலை. கோடு போடத்தான் வேண்டுமென்றால் கற்களைக் கண்டு, பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்து, அது படத்தில் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். “தோராயம்” என்ற சொல்லும் படத்திலேயே இருக்கட்டும்.

பறக்கும்போது என்ன கெடும் என்று தெரிந்தவரா என்பதையும் பேச்சிலேயே கண்டுபிடிக்கலாம். சிக்னல் அறுந்தால் டிரோன் எந்த உயரத்தில் திரும்பி வரும் என்று கேளுங்கள். முதிர்ந்த செம்பனை 20 மீட்டர் தொடும், ரப்பர் அதற்கும் மேலே. பெட்டியிலிருந்து எடுத்த அமைப்பிலேயே விடாமல், அங்குள்ள உயரமான மரத்தைப் பார்த்து 50, 60 மீட்டர் வைப்பவரே விவரமானவர். மெல்லிய கம்பியும் ஓலை நுனியும் தடை உணரிக்குச் சரியாகத் தெரிவதில்லை. மின்வாரியமான தெனாகாவின் உயர் அழுத்தக் கம்பி, ஊரைக் கடக்கும் மின்ரயில் பாதையின் 25,000 வோல்ட் கம்பி ஆகியவற்றின் அருகே போகும்முன் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். செம்பருந்து துரத்தினால் உடனே இறக்கிவிட வேண்டும். பருந்தோடு பந்தயம் வேண்டாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, கிழக்கே மலை இருப்பதால் வெயில் தாமதமாக விழும், தோட்டத்துப் பனியும் கலைய வேண்டும். கிழக்குப் பார்த்த வீட்டுக்குக் காலை 9 மணிக்கு மேல், மேற்குப் பார்த்ததற்கு மாலை 5 மணிக்கு மேல். நடுப்பகலில் துத்தநாகக் கூரை வெள்ளையாக எரியும், ஐந்தடி நடைபாதை இருட்டாகிவிடும். ஒரே காட்சியை மூன்று அல்லது ஐந்து வெளிச்ச அளவில் எடுத்துச் சேர்ப்பவர் இதை ஓரளவு சமாளிப்பார். புகைமூட்ட நாளில் தள்ளிப்போடச் சம்மதிக்கிறாரா, அதற்குத் தனிக் கட்டணம் கேட்கிறாரா என்பதை முன்பே எழுதி வாங்குங்கள்.

எடுத்த படத்தைத் திருத்தும்போது வானத்தை நீலமாக்குவது பரவாயில்லை. மின்கோபுரத்தை அழிப்பதும் காய்ந்த புல்லைப் பச்சையாக்குவதும் மோசடி. வாங்குபவர் நேரில் வந்ததும் முதலில் பார்ப்பது அந்தக் கோபுரத்தைத்தான்.

பணம் கொடுக்கும்முன் விலைப்பட்டியலின் சிறிய எழுத்துகளையும் படியுங்கள். 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கூலி கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே உரிமை. ஆனால் “ஆறு மாதப் பயன்பாடு மட்டும்” என்று ஒரு வரி இருந்து நீங்கள் கையெழுத்தும் போட்டுவிட்டால், வீடு விற்காமல் கிடக்கும்போது மறுபடியும் பணம் கட்ட நேரும். படங்களை வாட்ஸ்ஆப்பில் வாங்காதீர்கள், சுருங்கிவிடும். முழு அளவுக் கோப்புகளை இணைப்பு வழியாகவோ பென்டிரைவிலோ கேட்டு, திறந்து பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சொத்து விற்பனைத் துறையினர் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்